மலைகளின் எழுத்துமொழி: தாகெஸ்தானில் அரபி நிலைத்திருந்தால்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

நடந்து முடிந்த ஒன்றை ஒருபுறம் வைத்துவிட்டு, நடக்க இடமிருந்தும் நடவாமற்போன மற்றொன்றை எடுத்துக்கொண்டு, அது நிகழ்ந்திருந்தால் பின்விளைவுகள் எவ்வாறு அமைந்திருக்கும் என்று ஆராயும் முறைக்கு மாற்று வரலாறு என்று பெயர். புனைகதை எழுதுவோர் இம்முறையை விருப்பம்போல் கையாள்வர். வரலாற்று மாணவருக்கோ அதில் இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு. மாற்றப்படும் நிகழ்ச்சி ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும்; அதற்குப் பின் வருவனவெல்லாம் அக்காலத்து மனிதர்களிடம் மெய்யாகவே இருந்த ஆசைகளிலிருந்தும் வசதிகளிலிருந்தும் பகைகளிலிருந்துமே பிறக்க வேண்டும். காஸ்பியன் கடலின் மேற்குக் கரையில், காக்கசஸ் மலைத்தொடரின் கிழக்குச் சரிவில் அமைந்த தாகெஸ்தானில் 1920-கள் வரை எழுத்துக்கும் கல்விக்கும் பொதுமொழியாக விளங்கிய அரபி, அவ்விடத்தை இழக்காமல் நிலைத்திருந்தால் அந்நாடு எப்படி இருந்திருக்கும் என்பதே இச்சொற்பொழிவு இம்முறைப்படி ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

நாடும் நாவும்

தாகெஸ்தான் என்னும் பெயர், மலையைக் குறிக்கும் துருக்கியச் சொல்லும் நாட்டைக் குறிக்கும் பாரசீக விகுதியும் சேர்ந்தது. இன்று ருஷ்யக் கூட்டமைப்பின் ஒரு குடியரசாக உள்ள அந்நிலப்பரப்பு ஏறத்தாழ 50,000 சதுரக் கிலோமீட்டர். அதாவது தமிழ்நாட்டின் பரப்பில் பாதிக்கும் குறைவு. அதற்குள் முப்பதுக்கு மேற்பட்ட மொழிகள் பேசப்படுகின்றன. அவார், தார்கின், லாக், லெஸ்கி, தபசரான் முதலியவை வேறெங்கும் உறவு காட்டப்படாத வடகிழக்குக் காக்கசஸ் குடும்பத்தைச் சேர்ந்தவை. சமவெளியின் குமிக், நோகாய் மொழிகளும் தெற்கின் அசர்பைஜானியும் துருக்கியக் குடும்பத்தவை. தாத் ஈரானியக் குடும்பத்தது. அர்ச்சி என்னும் மொழியைப் பேசுவோர் ஒரே மலையூரைச் சேர்ந்த ஆயிரம் பேரளவினர் மட்டுமே. 10-ஆம் நூற்றாண்டின் அரபு நூலாசிரியர் அல்-மசூதி, இம்மலைத்தொடரில் 72 இனங்கள் வாழ்வதாகவும் ஒவ்வொன்றுக்கும் தனி அரசனும் தனி மொழியும் உண்டு என்றும் எழுதினார். அவருக்கு ஏறத்தாழ 900 ஆண்டுகள் முன்னரே, கருங்கடல் பக்கத்துச் சந்தையூர் ஒன்றில் ரோமானியர் 130 மொழிபெயர்ப்பாளர்களை வைத்து வணிகம் செய்தனர் என்று பிளினி குறித்துள்ளார். எண்களை அப்படியே நம்ப வேண்டியதில்லை. வெளியிலிருந்து வந்த ஒவ்வொருவரையும் முதலில் திகைக்க வைத்தது மொழிப் பெருக்கமே என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

இத்தனை மொழிகளுக்கு இடையில் மக்கள் ஒருவரோடொருவர் பேசியது எவ்வாறு என்பதற்கு விடை மலையின் அமைப்பிலேயே உள்ளது. சந்தையும் குளிர்கால மேய்ச்சல் நிலமும் கீழே இருந்தன. ஆகவே மேலூர்க்காரர் கீழூர்க்காரரின் மொழியைக் கற்றனர், கீழூர்க்காரர் மேலூர் மொழியைக் கற்கவில்லை. மொழியியலார் இதை மேல்கீழ் இருமொழியம் என்பர். அர்ச்சி ஊரார் வீட்டில் அர்ச்சியும் வெளியில் அவாரும் லாக்கும் பேசிவந்தது இவ்வகைக்கு நல்ல சான்று. மேற்கு மலைகளில் அவாரின் பொதுவடிவம் ஒன்று வழங்கியது. அதற்கு ‘போல்மாட்ஸ்’, அதாவது படையின் மொழி, என்று பெயர். சமவெளியிலும் வடக்கிலும் குமிக், தெற்கில் அசர்பைஜானி. 1837-இல் காக்கசஸ் சென்ற ருஷ்யக் கவிஞர் லேர்மந்தவ், ஐரோப்பாவுக்குப் பிரெஞ்சு எப்படியோ ஆசியாவுக்குத் ‘தாத்தார்’ மொழி அப்படி என்று தம் நண்பருக்கு எழுதினார். அவர் தாத்தார் என்றது இத்துருக்கிய மொழிகளையே.

கவனிக்க வேண்டியது, இப்பட்டியலில் அரபி இல்லை என்பதே.

தாளில் வாழ்ந்த மொழி

அரபியர் காஸ்பியன் கரையில் கால்வைத்தது 7-ஆம் நூற்றாண்டில். 8-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், உமையா கலீபாக்களின் படைத்தலைவர் மஸ்லமா காலத்தில், கடலுக்கும் மலைக்கும் இடையே வாயில்போல் நின்ற தெர்பெந்த் கோட்டை நிலையாக அவர்கள் வசமாயிற்று. அரபியில் அதன் பெயர் பாபுல் அப்வாப். வாயில்களின் வாயில் என்பது பொருள். அங்கே குடியேற்றப்பட்ட அரபுக் குடும்பங்களின் வழிவந்தோர் தெற்குத் தாகெஸ்தானிலும் அதையடுத்த ஷிர்வானிலும் நெடுங்காலம் அரபி பேசினர். திரிந்துபோன ஓர் அரபியைச் சிலர் அப்போதும் பேசிவந்ததை 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அசர்பைஜானிய வரலாற்றாசிரியர் பக்கிகானவ் குறிப்பிட்டார். அந்நூற்றாண்டின் பிற்பாதியில் அப்பேச்சு அற்றுப்போயிற்று. இதில் ஒரு விந்தை உண்டு: தாய்மொழியாக அரபி பேசிய ஊர்கள் அதைக் கைவிட்டு அண்டை மொழிகளுக்கு மாறிய அதே காலத்தில்தான், அரபு இரத்தம் ஒரு துளியும் கலவாத அவாரும் லாக்கும் தார்கினும் எழுதிய அரபி தன் உச்சத்தை எட்டியது. தாகெஸ்தானில் வாய்வழி அரபி மடிந்தது, தாள்வழி அரபி தழைத்தது. பின்வரும் வாதம் முழுவதும் இந்த வேறுபாட்டின்மேல் நிற்கிறது.

எழுத்து அரபியின் வரலாறு நீண்டது. 11-ஆம் நூற்றாண்டிலேயே தெர்பெந்தைச் சேர்ந்த அபூபக்கர் அத்-தர்பந்தி சூஃபிக் கலைச்சொற்களுக்கு ஒரு பெருங்களஞ்சியம் எழுதினார். 13-ஆம் நூற்றாண்டின் நிலநூலாசிரியர் கஸ்வீனி, உயர்மலையூரான சாகுரில் செல்ஜூக் அமைச்சர் நிஜாமுல் முல்க் நிறுவிய மதரசா இருந்ததாகவும், ஷாஃபி சட்டநூலொன்றை அவ்வூரார் தம் மொழியில் பெயர்த்துப் படித்ததாகவும் எழுதுகிறார். 17-ஆம் நூற்றாண்டில் குதுத்ல் ஊரைச் சேர்ந்த முகம்மது (1652-1717) யேமன் அறிஞர் ஸாலிஹிடம் பயின்று திரும்பி ஒரு தலைமுறையையே உருவாக்கினார். அவரை அரபுலகம் அல்-குதுகி என்று அறியும்.

மதரசா என்பதைப் பெரிய கட்டடமாகக் கற்பனை செய்ய வேண்டியதில்லை. ஊர்ப் பள்ளிவாசலின் பக்க அறையும், அதற்கு வக்ஃப் ஆக, அதாவது அறக்கொடையாக, விடப்பட்ட நிலத்தின் விளைச்சலும், அங்கே பாடம் சொல்லும் திபீர் ஒருவரும் போதும். அவார் ஊர்களில் மார்க்க அறிஞருக்கு அதுவே பெயர். ‘முதஅல்லிம்’ எனப்பட்ட மாணவர் ஓர் ஊரில் சொல்லிலக்கணமும் மற்றோர் ஊரில் தொடரிலக்கணமும் இன்னோர் ஊரில் சட்டமும் கற்கக் கணவாய்கள் கடந்து நடந்தனர். லாக் இளைஞன் அவார் ஆசிரியரிடமும், லெஸ்கி இளைஞன் தார்கின் ஆசிரியரிடமும் உட்கார்ந்தது இவ்வாறுதான்.

அவர்கள் கையாண்ட ஏட்டின் ஒரு பக்கத்தை அருகிலிருந்து பார்த்தால் அக்கல்வியின் இயல்பு விளங்கும். கெட்டியான தாளில், வரிக்கும் வரிக்கும் இடையே வேண்டுமென்றே அகலமான இடம் விட்டு, அரபி மூலம் கருமையாக எழுதப்பட்டிருக்கும். அந்த இடைவெளியில் சிறிய எழுத்தில், சாய்ந்தும் தொங்கியும், அரபிச் சொற்களின் பொருள் அவாரிலோ தார்கினிலோ குறிக்கப்பட்டிருக்கும். ‘அவன்’, ‘அது’ போன்ற சுட்டுப்பெயர் ஒன்றின் அருகில் ஒரு சிறு குறியும், அது சுட்டும் பெயர்ச்சொல்லின் அருகில் அதே குறியும் இருக்கும். நூலிழையால் முடிச்சிட்டது போல மாணவன் கண் அவ்விரண்டையும் இணைத்துக்கொள்ளும். ஓரங்களில் உரைகாரர்களின் விளக்கம் பக்கத்தைச் சுற்றி ஓடும். இத்தகைய பக்கத்தில் எழுவாய் எது, செயப்படுபொருள் எது என்பதை ஐயமறப் பிரித்தறியாமல் அடுத்த வரிக்கு நகர முடியாது. அரபியைக் காதால் பெறாமல் இலக்கணத்தால் மட்டுமே பெற்ற மக்கள் கண்டுபிடித்த கருவி இது.

வரியிடையே எழுதப்பட்ட தாய்மொழிக் குறிப்பே வளர்ந்து ‘அஜம்’ என்னும் முறையாயிற்று. அஜம் என்றால் அரபியல்லாதது. அரபி எழுத்தோடு சில புள்ளிகளும் குறிகளும் கூட்டித் தாய்மொழியை எழுதுவது. காயல்பட்டினமும் கீழக்கரையும் அறிந்த அரபுத் தமிழ் இதற்கு உடன்பிறப்பு. இரு கரைகளும் ஷாஃபி சட்டநெறியைப் பின்பற்றுபவை என்பதால், அந்நெறியின் அறிஞர் நவவியின் சட்டநூல் மரபு தாகெஸ்தான் திபீருக்கும் சோழமண்டலக் கரையின் ஆலிமுக்கும் பொதுவானது. அவார் அஜமை ஒழுங்குபடுத்தியவராகக் குன்ஸாக் ஊரின் திபீர்-காதி (1742-1817) போற்றப்படுகிறார்.

ஊருக்கும் ஊருக்கும் இடையிலான ஒப்பந்தம், நில விற்பனைச் சீட்டு, இரத்தப் பகையைத் தீர்த்த முடிவு, கல்லறைக் கல், மருத்துவக் குறிப்பு, ஆறுதல் கடிதம் ஆகிய அனைத்தும் அரபியில் எழுதப்பட்டன. 1834 முதல் 1859 வரை மலையினத்தாரை ஒன்றுசேர்த்து ருஷ்யப் பேரரசை எதிர்த்த இமாம் ஷாமிலின் அரசுக்கு அலுவல்மொழியும் அதுவே. அவருடைய நாயிப்கள், அதாவது பகுதி ஆளுநர்கள், அவார், செச்சென் எனப் பல இனத்தவர். அவர்களுக்கு ‘நம்பிக்கையாளர்களின் தலைவர் ஷாமிலிடமிருந்து’ என்று தொடங்கிச் சென்ற கட்டளைகள் உள்ளங்கை அளவுத் தாளில் ஸலாமும் செய்தியும் மட்டும் கொண்ட அரபிக் கடிதங்கள். ஷாமிலும் அவருடைய வரலாற்றை எழுதிய எழுத்தர் முகம்மது தாகிர் அல்-கராகியும் இருவரும் அவார் மொழியினர். இருந்தும் வரலாறு அரபியில் எழுதப்பட்டது.

திரும்பியிருக்கக்கூடிய இடங்கள்

மாற்று வரலாற்றை எழுதத் துணிவோர் பலரும் முதலில் கைவைப்பது ஷாமிலின் மீதுதான். 1853-56 கிரீமியப் போரில் உஸ்மானியரும் பிரித்தானியரும் காக்கசஸில் படையிறக்கி, 1856 பாரிஸ் உடன்படிக்கையில் மலைநாட்டுக்கு ஓர் ஏற்பு பெற்றுத் தந்திருந்தால், 1859 ஆகஸ்டில் குனிப் மலையில் நடந்த ஷாமிலின் சரணடைவு நிகழாமல், அரபியை அலுவல்மொழியாகக் கொண்ட இமாமத்து நிலைத்திருக்கும் என்பது அவர்கள் கணக்கு. இக்கணக்கில் வீரம் மிகுதி, நிகழும் வாய்ப்பு குறைவு. இமாமத்தின் படை பேசியது அவாரின் படைமொழி. அதன் நாயிப்கள் தம் மக்களிடம் பேசியது அவரவர் மொழி. அரபி அறிந்த எழுத்தர் ஒருவர் ஒவ்வொரு நாயிப் அருகிலும் இருந்ததால் மட்டுமே அரசு நடந்தது. போரால் பிணைக்கப்பட்ட அரசு போர் முடிந்தபின் அவார் ஆதிக்கத்துக்கும் செச்சென் எதிர்ப்புக்கும் இடையே பிளந்திருக்கும் என்றே எண்ண வேண்டியிருக்கிறது.

பொருத்தமான திருப்பம் 1918-இல் உள்ளது. ஆனால் அதைப் பார்க்குமுன் அதற்கு முந்திய பதினைந்து ஆண்டுகளில் நடந்த, பெரிதாகப் பேசப்படாத ஒரு மாற்றத்தைப் பார்க்க வேண்டும்.

அன்றைய மாகாணத் தலைநகர் தெமிர்-கான்-சூரா. இன்று அது புயினாக்ஸ்க். முகம்மது-மிர்சா மாவ்ராயெவ் என்பவர் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே நிறுவிய அச்சகம் அரபி நூல்களோடு அவார், குமிக், லாக், தார்கின் நூல்களையும் அஜம் எழுத்தில் கல்லச்சில் அச்சிட்டு மலையூர்களுக்கு அனுப்பியது. 1913 முதல் 1918 வரை அதே ஊரிலிருந்து ‘ஜரீதத்து தாகிஸ்தான்’ என்னும் அரபி இதழ் வெளிவந்தது. அரபியரே இல்லாத ஒரு மாகாணத்தில், ருஷ்யப் படைத்துறை ஆட்சியின் ஆதரவில் நடந்த அரபிச் செய்தித்தாள் அது. மக்களுக்கு எட்ட வேண்டுமானால் அரபியில்தான் எழுத வேண்டும் என்பதைப் பேரரசே ஒப்புக்கொண்டதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. கெய்ரோவுக்குச் சென்று சீர்திருத்தச் சிந்தனைகளோடு திரும்பிய லாக் அறிஞர் அலி கயாயெவ் (1878-1943) அதன் உயிர்நாடி. நிலம், கல்வி, வரலாறு, அறிவியல் என மதரசாவில் இடம்பெறாத பொருள்களைப் பற்றி, மதரசாவில் கற்ற மொழியிலேயே அவ்விதழ் எழுதியது. வழக்கிழந்த மொழிகள் இவ்வாறு செய்தித்தாள் நடத்துவதில்லை. 1913-இன் தாகெஸ்தான் அரபியை அந்திமக் காலத்து மொழி என்று எழுதிய பிற்காலத்தவர் அவ்விதழைப் புரட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

1918 மே 11 அன்று வடகாக்கசஸ் மலைமக்களின் குடியரசு தன் விடுதலையை அறிவித்தது. மாற்றப்பட வேண்டிய ஒரே நிகழ்ச்சி இக்குடியரசின் வீழ்ச்சி. பின்லாந்தும் பால்டிக் நாடுகளும் அதே ஆண்டுகளில் பேரரசின் இடிபாட்டிலிருந்து தப்பிக்கொண்டதைப் போல இதுவும் தப்பியதாகக் கொண்டால், அரபி அதன் பொதுமொழி ஆகியிருக்குமா? குடியரசு முழுமைக்கும் என்றால் ஆகியிருக்காது. அதன் தலைவர்களான தாப்பா செர்மோயெவும் ஹைதர் பம்மத்தும் ருஷ்யக் கல்வி பெற்றவர்கள். ஒருவர் படையதிகாரியும் எண்ணெய் முதலாளியும், மற்றவர் சட்டம் பயின்றவர். மேற்கே வாழ்ந்த ஒசெத்தியரில் பலர் கிறித்தவர்; கபர்தியரிடமும் சர்க்காசியரிடமும் அரபிக் கல்வி இருந்தாலும் தாகெஸ்தானின் ஆழம் அதற்கில்லை. கூட்டாட்சியின் நடுவண் அரசு ருஷ்யத்திலோ துருக்கியத்திலோ நடந்திருக்கும். அதன் உறுப்பான தாகெஸ்தான் மட்டும், ஏற்கெனவே நடந்துகொண்டிருந்ததை நடக்கவிட்டு, அரபியைத் தன் அலுவல்மொழியாக வைத்துக்கொண்டிருக்கும். மாற்று வரலாறு இவ்வளவு அடக்கமாகத் தொடங்கினால்தான் நம்பத்தக்கதாகும்.

நடவாத நூற்றாண்டு

அந்நாட்டில் அரபிக்கு இருந்திருக்கக்கூடிய முதல் வலிமை, அது யாருக்கும் தாய்மொழி அல்ல என்பது. எண்ணிக்கையில் முதலிடம் பெற்ற அவாரை ஆட்சிமொழியாக்கினால் தார்கினும் லெஸ்கியும் பொறார். குமிக்கை ஆக்கினால் சமவெளியார் மலைமேல் ஏறிக்கொண்டதாக மலையார் கருதுவர். ஹங்கேரியில் 1844 வரை இலத்தீன் ஆட்சிமொழியாக நீடித்ததற்கும் இதுவே காரணம்: மாஜியார், குரோவாட்டியர், ஸ்லோவாக்கியர், ஜெர்மானியர் எவரும் பிறர் மொழிக்கு இணங்காத நாட்டில், எவருடையதும் அல்லாத மொழியால் யாருக்கும் மானக்குறை இல்லை. ஆனால் ஹங்கேரியின் முடிவையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மாஜியார் மொழியில் அச்சுநூல் பெருகியதும் இலத்தீன் விலகியது. பக்கத்துக் குரோவாட்டியச் சட்டமன்றம் மேலும் மூன்று ஆண்டுகள் அதைப் பிடித்துக்கொண்டு பின் அதுவும் விட்டது.

தாகெஸ்தானிலும் அரபியின் பகை அதன் வீட்டுக்குள்ளேயே வளர்ந்துகொண்டிருந்தது. அஜம் என்பது அரபி எழுத்து தாய்மொழிக்கு அளித்த கொடை. கஹாப்-ரோசோ ஊரின் மகமூது (1873-1919) பாடிய அவார்க் காதற்பாடல்கள் மலைநாடெங்கும் பரவிய காலத்தில், அவார் இளைஞனுக்கு நெஞ்சைத் தொடும் எழுத்து அரபியில் இல்லை, அஜத்தில் இருந்தது. ஆகவே மாற்று நூற்றாண்டின் தாகெஸ்தானில் தொடக்கப்பள்ளி தாய்மொழியில், அஜம் எழுத்தில் நடந்திருக்கும். கவிதையும் நாடகமும் தாய்மொழியில் பெருகியிருக்கும். அரபி உயர்பள்ளிக்கும் நீதிமன்றத்துக்கும் பத்திரப் பதிவுக்கும் இனங்களுக்கிடையிலான கடிதத்துக்கும் உரியதாகச் சுருங்கியிருக்கும். இரண்டுக்கும் எழுத்து ஒன்றே என்பதால், அவார் எழுதப் படிக்கக் கற்ற குழந்தை அரபிப் பக்கத்தின் வாசலில் நின்றிருக்கும். உள்ளே நுழைய இலக்கணம் மட்டும் தேவைப்பட்டிருக்கும். இந்த ஒரு வசதியை எளிதாக எண்ணக் கூடாது.

சந்தையை அரபி வென்றிருக்குமா என்பதே கடினமான வினா. மலாய் மொழி துறைமுகச் சந்தையில் பிறந்து, 1928-இல் இந்தோனேசிய இளைஞர்களின் உறுதிமொழியால் தேசியமொழியாகி, அரசு அலுவலகம் ஏறியது. அது வாயிலிருந்து தாளுக்குச் சென்ற மொழி. அரபி தாகெஸ்தானில் தாளிலிருந்து வாய்க்கு இறங்க வேண்டும். எபிரேயம் அவ்வாறு இறங்கியது உண்மை. ஆனால் பல நாடுகளிலிருந்து வந்து ஒரே தெருவில் குடியேறி, தமக்குள் பொதுப்பேச்சு இல்லாத பெற்றோரின் பிள்ளைகள்தாம் அதைச் செய்தனர். தாகெஸ்தான் மனிதன் தன் ஊரிலேயே இருந்தான். அவனுக்கு அண்டையூர் மொழி தெரியும். பாகு எண்ணெய் வயல்களுக்குப் பருவந்தோறும் கூலிக்குப் போனவன் துருக்கியத்தோடு திரும்பினான். அவனிடம் அரபி பேசச் சொல்ல எந்த முதலாளியும் இல்லை.

ஆயினும் ஒரு வாயில் திறந்திருந்தது. சோவியத் உயர்கல்வியில் அரபியியலின் மூத்தவரான கிராச்கோவ்ஸ்கி, காக்கசஸ் அறிஞர்கள் இலக்கிய அரபியைப் படிக்கவும் எழுதவும் மட்டுமல்லாமல் உரையாடவும் வல்லவர்களாக இருந்ததைக் கண்டு வியந்து எழுதியுள்ளார். அவர்கள் பேசிய அரபி, கெய்ரோவின் மீனவனும் டமாஸ்கஸின் தட்டாரும் பேசும் அரபி அன்று. இலக்கணநூல் வகுத்த வேற்றுமை ஈறுகளை ஒன்று விடாமல் ஒலித்த அரபி. பேச்சு வழக்கில் அரபியர் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே உதிர்த்துவிட்ட அந்த ஈறுகள் மலையறிஞரின் நாவில் உயிரோடு இருந்தன. ஒலிப்பிலும் அவர்களுக்கு இடர் குறைவு: தொண்டையடியிலிருந்தும் உள்நாக்கிலிருந்தும் எழும் மெய்கள் நிறைந்த காக்கசஸ் மொழிகளைப் பேசுவோருக்கு, துருக்கியரும் பாரசீகரும் மழுப்பிவிடும் ஐன், காஃப் ஆகிய எழுத்துகள் அயலானவை அல்ல.

எனவே கடற்கரை நகரம் வளரும்போது அரபிக்கும் ஒரு வாய்ப்பு நேர்ந்திருக்கலாம். இன்று மகாச்கலா எனப்படும் அந்நகரம் அன்று பெத்ரோவ்ஸ்க் துறைமுகம்; இருப்புப்பாதை 1890-களில் அங்கு வந்துவிட்டது. மலையிலிருந்து இறங்கி ஒரே குடியிருப்பில் அவாரும் லாக்கும் தார்கினும் சுவர் பகிர்ந்து வாழும் தலைமுறைக்கு ஒரு பொதுப்பேச்சு வேண்டும். அங்கே குமிக்தான் முதலில் முந்தியிருக்கும். ஆனால் பள்ளியில் அனைவரும் அரபி கற்றிருந்தால், அலுவலகத்தில் ஈறுகளோடும் தெருவில் ஈறுகள் உதிர்ந்தும், இயந்திரங்களுக்கு ருஷ்யப் பெயரும் பழங்களுக்குக் குமிக் பெயரும் கலந்த ஒரு மலையரபி இரண்டு தலைமுறைகளில் உருவாகியிருக்கக்கூடும். தெற்கு சூடானின் ஜூபாவில் படைமுகாம்களின் அரபி அப்படி ஒரு புதுமொழியாக மாறியது மெய்யான வரலாறு. நிபந்தனை ஒன்று உண்டு: மதரசாவின் கதவு பெண்களுக்குத் திறக்க வேண்டும். குரான் ஓதக் கற்ற பெண்கள் பலர் இருந்தனர்; சொல்லிலக்கணம் கடந்து சென்றவர் மிகச் சிலர். தாய் பேசாத மொழி தொட்டிலுக்கு வருவதில்லை.

வெளியுலகமும் தன் பங்கைச் செய்திருக்கும். 1920-களில் அசர்பைஜானும் 1928-இல் துருக்கிக் குடியரசும் அரபி எழுத்தைக் கைவிட்டு இலத்தீனுக்கு மாறின. மாற்று வரலாற்றிலும் அங்காராவின் அம்முடிவை மாற்றக் காரணம் எதுவும் இல்லை. அதன் விளைவாக, அதுவரை இஸ்தான்புல் நாளிதழ்களைத் தன் எழுத்திலேயே படித்த குமிக் வாசகனுக்கு அக்கதவு அடைபட்டிருக்கும்; அரபியின் வலிய போட்டியாளரான துருக்கியம் எழுத்தால் அயலாகியிருக்கும். 1953-இல் கெய்ரோவிலிருந்து ‘சவுத்துல் அரப்’ வானொலி ஒலிக்கத் தொடங்கியபோது அதைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் ஒரு மலைநாடு காஸ்பியன் கரையில் இருந்திருக்கும். அது அந்நாட்டு அரசியலுக்கு நன்மையாக முடிந்திருக்கும் என்று உறுதி கூறுவதற்கில்லை. மொழி திறக்கும் கதவு வழியே எல்லாக் காற்றும் வரும்.

நடந்தது

1920 நவம்பரில் தாகெஸ்தானுக்குச் சோவியத் தன்னாட்சி அறிவிக்கப்பட்டது. புதிய ஆட்சி முதலில் பதமாகவே நடந்தது: ஷரீஅத் நீதிமன்றங்கள் 1927 வரை இயங்கின, அஜம் எழுத்து சீர்திருத்தப்பட்டுப் பள்ளிகளில் பயன்பட்டது. 1923-இல் பொதுமொழி பற்றிய விவாதத்தில் துருக்கியம் ஆட்சிமொழியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. அரபி, மதகுருமாரின் மொழி என்று ஒதுக்கப்பட்டது. துருக்கியமும் நெடுநாள் நிலைக்கவில்லை. 1928-இல் தாய்மொழிகள் இலத்தீன் எழுத்துக்கும் 1938-இல் சிரிலிக் எழுத்துக்கும் மாற்றப்பட்டன; பத்தே ஆண்டில் இரு முறை எழுத்து மாறியது. சோவியத் காலத் தமிழ் வெளியீடுகள் வழியே தமிழ் வாசகரும் அறிந்த அவார்க் கவிஞர் ரசூல் கம்சாதவின் குடும்பத்தில் இம்மாற்றத்தை விரல்விட்டு எண்ணலாம். தந்தை ஹம்சாத் சதாசா (1877-1951) மதரசாவில் அரபி கற்றுத் திபீராக இருந்து அஜத்தில் அவார்க் கவிதை எழுதியவர். 1923-இல் பிறந்த மகனின் தொடக்கப்பள்ளிப் பருவம் இலத்தீன் எழுத்தில் கழிந்தது. அவர் கவிஞராகப் புகழ்பெற்றது சிரிலிக்கில்.

அரபி ஏடு வைத்திருப்பது ஆபத்தாகிவிட்ட 1930-களில் மக்கள் அவற்றைச் சுவர்ப் பொந்துகளில் வைத்து மேலே பூசினர், நிலத்தில் புதைத்தனர். அலி கயாயெவ் நாடு கடத்தப்பட்டு 1943-இல் கஜகஸ்தானில் இறந்தார். போருக்குப் பின் மலையிலிருந்து சமவெளிக்கு நடந்த குடிபெயர்ப்பும், படைச்சேவையும், தொழிற்சாலையும், பின்னர் தொலைக்காட்சியும் ருஷ்யத்தை வாய்மொழிப் பொதுமொழியாக ஆக்கின. அரபி விட்டுச்சென்ற இடத்தில் ருஷ்யம் அமர்ந்தது என்பது பாதி உண்மை. அரபி ஒருபோதும் அமர்ந்திராத சந்தையிலும் சமையலறையிலும் அது அமர்ந்தது. எனவே 1920-களில் தாகெஸ்தான் இழந்தது ஒரு பேச்சுமொழியை அன்று. தன் தாத்தாவின் நிலச் சீட்டைத் தானே படிக்கும் ஆற்றலை இழந்தது. அரபி நிலைத்திருந்தால் மிஞ்சியிருக்கக்கூடியதும் அதுவே. அதற்கு மேல் சொல்வது கற்பனை.

பிற்காலத்தில் அம்ரி ஷிக்சைதவ் போன்ற அறிஞர்கள் ஊர் ஊராகச் சென்று, பள்ளிவாசல் அலமாரிகளிலும் வீட்டுப் பெட்டிகளிலும் எஞ்சிய ஏடுகளைத் திரட்டிப் பட்டியலிட்டனர். அப்பணி மகாச்கலாவின் ஆய்வு நிறுவனத்தில் இன்றும் நடக்கிறது. ஷாமிலின் எழுத்தர் அல்-கராகி அரபியில் எழுதிய வரலாறு பரபானவ் செய்த ருஷ்ய மொழிபெயர்ப்பில் 1941-இல் வெளிவந்தது. அதன் அரபி மூலம் அச்சேறியது அதற்கு ஐந்து ஆண்டுகள் கழித்து, 1946-இல். அப்போது தாகெஸ்தானில் அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் முதியவர்கள் மட்டுமே.